திரையில் வந்த தமிழழகன்

செய்யாத தப்புக்கு மாட்டிக்கொள்ளும் பயம் இருக்கிறதே, கண்ணுங்களா, அது செய்த தப்பின் பயத்தைவிடப் பெரிது. ஜெயசுதாவுக்கு அது ஒரு தேர்வில் வந்தது.

வடக்கனந்தல் பெண் அவள். கள்ளக்குறிச்சியில் டிப்ளமோ படிக்கிறாள். அன்று மதியம் சி மொழி புரோகிராம் செய்முறைத் தேர்வு. அம்மா பாப்பாத்தி கல்வராயன் மலைமேல் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலிக்குப் போயிருந்தாள். இந்தத் தேர்வில் தவறினால் மகளும் கூடவே கிழங்கு பிடுங்கப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

மூன்று பக்கங்களைக் கொடுத்து, முக்கோணத்தின் பரப்பளவு கேட்டிருந்தார்கள். எழுதினாள். விடைக்கு மேலே அவரவர் பெயர் வர வேண்டும் என்பது அந்த லேப்பின் வழக்கம், அதையும் சேர்த்தாள். எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்ற, கம்பைல் கட்டளை கொடுத்தாள். ஏதோ வரிகள் ஓடின. பதற்றத்தில் படிக்காமல், புரோகிராமை ஓட்ட ./a.out என்று தட்டினாள்.

'தமிழழகன்' என்று வந்தது. கீழே சரியான விடை.

பக்கத்து சீட்டு ரம்யா எட்டிப் பார்த்தாள். "யாருடி இது? கல்யாணம் பண்ணிக்கினு சொல்லவே இல்ல?"

சிரிப்புச் சத்தத்துக்குத் திரும்பினார், வெளியிலிருந்து தேர்வு வைக்க வந்த காசிநாதன்.

"உம் பேரு இன்னாம்மா?"

"ஜெயசுதா சார்."

"காலைல எழுதுனவன் புரோகிராம எடுத்துக்கினு பேர மாத்திட்டியா?"

"இல்ல சார். சத்தியமா நானே எழுதுனது."

"எழுதுனதுல உம் பேரு. ஓட்டுனா அவன் பேரு. கம்ப்யூட்டரு பொய் சொல்லுதா?"

வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "காப்பி அடிச்சேன்னு எழுதிக் குடு."

கம்பைல் பண்ணும்போது ஓடிய வரிகளை ஜெயசுதா அப்போதுதான் படித்தாள். பிழை. அவள் புரோகிராம் உருவாகவே இல்லை. எல்லாருக்கும் ஒரே லாகின், யார் புரோகிராம் உருவானாலும் a.out என்ற ஒரே பேர். காலையில் இதே கணக்கை எழுதிய தமிழழகன் விட்டுப்போன a.out அப்படியே கிடந்து ஓடியிருக்கிறது.

இதைச் சொன்னால் திருடி இல்லை என்றாகும். ஆனால் கையில் விடையே இல்லை என்றும் ஆகிவிடும்.

"சார், என்னுது இன்னும் ஓடவே இல்ல சார்."

அந்தப் பழைய a.out-ஐ அழித்தாள். மறுபடி கம்பைல் பண்ணினாள். அதே பிழை. ஓட்டினாள், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது.

காசிநாதன் குனிந்து பார்த்தார். "அப்போ உங்கிட்ட விடை இல்ல."

"இல்ல சார்."

"மணி அடிக்கிற வரைக்கும் பாரு." வெள்ளைத்தாளை அவர் எடுக்கவில்லை.

வர்க்கமூலம் காணும் sqrt-ஐக் காணோம் என்றது பிழை. மேலே sqrt-ஐ அறிவிக்கும் math.h போட்டிருக்கிறாளே! கண்ணுங்களா, கல்யாணப் பத்திரிகையில் பேர் போட்டால் மட்டும் தாய்மாமன் வந்துவிடுவாரா? நேரில் போய் அழைக்க வேண்டாமா? math.h பத்திரிகைதான். ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது லிங்கர். அதற்கு -lm என்று சொல்ல வேண்டும்.

ஞாபகம் வந்து, கட்டளையின் முதல் சொல்லான gcc பக்கத்திலேயே -lm சேர்த்தாள். அதே பிழை.

வாசலில் பியூன் மணியடிக்க எழுந்துவிட்டார். பிறகுதான் அவளுக்கு உறைத்தது: ஃபைல் பேருக்கு முன்னால் -lm-ஐக் கூப்பிட்டால், இன்னும் யாரும் தேடவில்லையே என்று லிங்கர் sqrt-ஐ எடுக்காமலே போய்விடும். -lm-ஐக் கடைசிக்கு நகர்த்தினாள்.

இந்த முறை பிழை என்று ஒரு வரியும் வரவில்லை. அந்த அமைதி இன்னும் பயமாக இருந்தது. ஓட்டினாள்.

'ஜெயசுதா.' கீழே பரப்பளவு.

காசிநாதன் வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "லேட்டு. மார்க்கு கம்மி பண்ணுவேன்."

"பண்ணுங்க சார்" என்றாள். அதன் பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.