கப்பலில் மஞ்சள் சேலை

நாங்கள் கப்பலில் உல்லாசப் பயணம் போகப்போகிறோம் என்ற கதை எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டு நின்றபோது வேரோனிக்கா அக்கா என் தோளைத் தொட்டு, "தம்பி எங்கையோ நடுவழியில நிக்கிறான், உமக்குக் கப்பல் கேக்குது, என்ன?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தங்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். வாயில் வந்ததை நான் சொல்லியிருந்தால் அன்றோடு அந்தக் கோயில் படி மிதிக்க முடியாமல் போயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்லவும் வழியில்லை. வெளியே வாய் திறந்தால் தம்பிக்குத்தான் ஆபத்து என்று ஏஜென்சிக்காரன் சொல்லி வைத்திருந்தான்.

உண்மை இதுதான். என் தம்பி றொனால்டைக் கனடாவுக்குக் கொண்டுவருகிறேன் என்று காசு வாங்கிய அந்த ஏஜென்சிக்காரன், அவனை நாடு நாடாகச் சுற்றவைத்து, கடைசியில் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய் விட்டிருந்தான். அந்தத் தீவின் பெயரை நான் இப்போதும் வாயால் சொல்வதில்லை. நம் பிள்ளைகள் ஒரு கூட்டமாக அங்கே ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தார்கள். இந்தக் கிழமை படகு, அடுத்த கிழமை படகு என்று சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் போய்விட்டது. இடையில் காய்ச்சல் வேறு. நான் மன்னாரை விட்டு வரும்போது அவன் அரைக் காற்சட்டையோடு திரிந்த பொடியன். அம்மாவும் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன் என்று ஆகிவிட்டது.

ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு அவன் எடுப்பதெல்லாம் கலெக்ட் கோல். ஏற்றுக்கொண்டால் காசு எங்கள் தலையில் விழும். அதற்கு மற்றத் தமிழ் வீடுகளைப் போல நாங்களும் ஒரு வழி வைத்திருந்தோம். முதலில் ஒரு பதிவுக்குரல் ஆங்கிலத்தில் பேசும். பிறகு, அழைத்தவர் தன் பெயரைச் சொன்னதை நமக்குப் போட்டுக் காட்டும். ஏற்பதென்றால் ஒன்றை அழுத்து என்று கேட்கும். பெயர் சொல்லக் கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் றொனால்ட் பெயரைச் சொல்லமாட்டான். "சுகமா இருக்கிறன் அக்கா" என்பான். நான் ஒன்றை அழுத்தமாட்டேன். என் ஹலோவைக் கேட்டதுமே அவனும் வைத்துவிடுவான். ஒரு சதம் செலவில்லை. தம்பியின் குரலை ஓசியில் கேட்டுப் பழகிய அக்கா நான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், அந்த இடைவெளியில் அவன் வேறு ஒன்று சொன்னான். "இனி ஏலாது அக்கா." அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதிவுக்குரல்தான் பேசியது.

ரிசீவரைப் பிடித்தபடியே நான் சுவரோடு சரிந்து இருந்துவிட்டேன். அந்தக் கொட்டகையில் ஒரு பிள்ளை தன்னைத் தானே முடித்துக்கொண்டது என்று கொஞ்ச நாளைக்கு முன்புதான் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்தது இவன்தான் என்று எனக்குப் பட்டது. அவனை நேரில் பார்க்க வேண்டும், கையில் மருந்தைக் கொடுத்து, கன்னத்தில் ஒரு அறை விட்டு, கட்டிப்பிடித்து, இன்னும் கொஞ்சம் பொறுடா என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் அவனை நிறுத்தாது.

என் கணவர் இக்னேசியஸ் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர். பேச்சு என்பது அவருக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் வரி மாதிரி. கேட்டதற்கு ஒரு "ஓம்", மிஞ்சினால் ஒரு "பாப்பம்". நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதும் "பாப்பம்" என்றுதான் சொன்னார். நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. மரக்கட்டை என்றேன், உங்கள் தம்பியென்றால் இப்படி இருப்பீர்களா என்றேன். அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் வேலையால் நேரே மில்லிக்கனில் பயண றிக்கற் விற்கும் றொபேட்டிடம் போயிருக்கிறார். திரும்பி வந்து மேசையில் ஒரு கப்பல் படத்தை வைத்தார். அந்தத் தீவுக்கு விமானத்தில் போவது எங்களால் ஆகிற காரியமில்லை. ஆனால் புறப்படும் தறுவாயில் விற்காமல் கிடக்கும் கப்பல் அறைகளைப் பாதி விலைக்கும் குறைவாகத் தள்ளிவிடுவார்களாம். ஒரு கப்பல் அந்தத் தீவுக்கு முன்னால் ஒரு பகல் நங்கூரம் போட்டு நிற்குமாம், சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருமாம். ஒருவர் போனாலும் இருவருக்கான காசு என்பதால் இரண்டு பேரும் போகலாம். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னதே எனக்கு ஆச்சரியம். என் சங்கிலி போனது, அவருடைய கார் போனது. அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த கோல் வந்தபோது, அவன் வைத்துவிடாமல் இருக்க, ஹலோ சொல்லாமலே நான் ஒன்றை அழுத்தினேன். அந்த ஒருமுறைதான் ஏற்றுக்கொண்டது. கப்பல் வரும் நாளைச் சொன்னேன், இறங்குதுறையில் வந்து நில் என்றேன். அவன், "அக்கா, எனக்கு உங்கட முகம் வடிவா ஞாபகமில்லை. எப்பிடி மட்டுக்கட்டுறது?" என்று கேட்டான். மஞ்சள் சீலை உடுத்துக்கொண்டு வருவேன், அந்தக் கப்பலில் வேறு ஒருத்தியும் சீலை உடுத்தமாட்டாள் என்றேன். பிறகு, காசு ஓடுகிறதே என்ற பதற்றத்தில், இனி எடுத்தால் முந்தின மாதிரிச் சொல்லிப்போட்டு உடனே வைத்துவிடு என்றும் சொன்னேன்.

கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது அடித்தட்டில், இயந்திரத்துக்குப் பக்கத்தில், யன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. மேலே போனால் வாத்தியம், நீச்சல் குளம், அரை உடுப்போடு வெள்ளைக்காரக் கிழவர்கள். ஏறும்போதே ஒரு பெடியன் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் பிடித்தான். சிரிக்கச் சொன்னான். நாங்கள் சிரித்தோம். சாப்பாட்டுக்குத் தனிக் காசில்லை என்பதால் ஒவ்வொரு நேரமும் பணிசும் அவித்த முட்டையும் பழமும் கைத்துடைப்பில் சுற்றிக் கொண்டுவந்து அறையின் மேசை இலாச்சியில் வைத்தேன். எல்லாம் றொனால்டுக்கு. பழைய பணிசை எடுத்துப் புதியதை வைப்பதும் காய்ச்சல் மருந்தை எண்ணுவதும்தான் என் உல்லாசம்.

தீவு வரும் காலை விடியும் முன்பே குளித்து மஞ்சள் சேலையை உடுத்துக்கொண்டேன். இக்னேசியஸ் முதலே மேலே போயிருந்தார். அவர் வங்காலைக் கடலில் தகப்பனோடு மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். நான் போனபோது கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்க்கவில்லை. தீவு பச்சையாக, கிட்டத்தில், கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. இறங்குதுறையில் ஆட்கள் புள்ளி புள்ளியாக நிற்பதுகூடத் தெரிந்தது. காற்றுத்தான் பலமாக அடித்தது. சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மருந்துப் பையை மறு கையில் வைத்துக்கொண்டு, படகுக்கு முதல் ஆளாக வரிசையில் நின்றேன்.

ஒரு படகை இறக்கினார்கள். அது அலையில் எழும்பிக் கப்பலின் பக்கத்தில் இடித்தது. திரும்ப ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் கப்டன் பேசினார். அலை அதிகம், ஆட்களை இறக்க முடியாது, மன்னிக்கவும், இன்றைக்கு எல்லாருக்கும் ஒரு குடிவகை இலவசம். எனக்குப் பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

நான் படகுப் பொறுப்பாளனின் சட்டையைப் பிடித்தேன். தம்பி, கரை, காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் கொட்டினேன். அவன் என் கையை மெல்ல எடுத்துவிட்டு, அம்மா, கடலிடம்தான் கேட்க வேண்டும் என்ற மாதிரி ஏதோ சொன்னான். இக்னேசியஸ் பக்கத்தில் வந்து, "மக்டலீன், வாரும்" என்றார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. விடியற்காலையில் கடலைப் பார்த்தபோதே இந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னை உடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க விட்டிருக்கிறார்.

கீழே அறைக்கு ஓடினேன். அவர் பின்னால் வந்தார். தீவைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோகவா என்னைக் கூட்டிவந்தீர்கள் என்று கத்தினேன். சேலையை உருவி அவருடைய முகத்தில் எறிந்தேன். இலாச்சியை இழுத்துப் பணிசுகளையும் எறிந்தேன். பிறகு கட்டிலில் விழுந்து போர்வையால் மூடிக்கொண்டேன். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போய்விட்டார். மேலே ஆட்டமும் பாட்டமுமாக இருந்தது. இலவசமாகக் குடிக்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். மணமுடித்த இத்தனை வருசத்தில் அவரை அப்படி நான் வெறுத்ததில்லை. அந்த இருட்டறையில், இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பி நிற்கிறான் என்று தெரிந்தும், ஒரு யன்னல்கூட இல்லாமல் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கிடந்தேன். அன்றைக்குச் செத்துப்போயிருந்தால் நல்லது என்று இப்போதும் சில நேரம் தோன்றும்.

கப்பல் நகர்ந்து கனநேரத்துக்குப் பிறகுதான் அவர் வந்தார். தலை முதல் கால் வரை ஈரம். மழையோ என்று கேட்டேன். ஓம் என்றார். நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். ரொறொன்ரோ வரும்வரை அவரோடு ஒரு சொல் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது மஞ்சள் சேலை அடியில் சுருட்டிக் கிடந்தது. விரித்தேன். மொரமொரவென்று உப்புப் பிடித்திருந்தது, ஒரு கரை கிழிந்திருந்தது. நான் அதை உடுத்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான். இதையும் நாசமாக்கிவிட்டாரே என்று அடுத்த சண்டைக்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் தொலைபேசி அடித்தது.

பதிவுக்குரல் பேசியது. பிறகு றொனால்ட். அவன் குரலில் அப்படி ஒரு தெம்பை அந்த வருசம் முழுக்க நான் கேட்டதில்லை.

"மஞ்சள் சீலையைக் கண்டனான் அக்கா. இனிப் பயமில்லை. நாளைக்குப் படகில போறன்."

நான் ஒன்றை அழுத்தினேன். திரும்பத் திரும்ப அழுத்தினேன். காசாவது மண்ணாவது. றொனால்ட், றொனால்ட் என்று கூப்பிட்டேன். மறுமுனையில் ஒருவரும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே, சொல்லிப்போட்டு உடனே வைத்துவிட்டான்.

ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். இக்னேசியஸ் அறை வாசலில் நின்றார். சேலை என் மடியில் இருந்தது. அவன் கண்டானாம் என்றேன். அவர் சேலையைப் பார்த்தார். அவன் ஆரைக் கண்டவன் என்று கத்திக் கேட்டேன்.

"நான்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார். "பொடியன் காத்துக்கொண்டு நிப்பானெல்லே. வெறுங்கப்பல் போனா என்ன நினைப்பான்?"

மெல்ல மெல்லக் கேட்டு எடுத்தேன். மேல்தட்டின் பின்முனையில், அலை தெறிக்கிற இடத்தில், இரண்டு கையாலும் சேலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். காற்று இழுத்ததில் ஒரு கரை கம்பியில் மாட்டிக் கிழிந்திருக்கிறது. குடித்துக்கொண்டு நின்றவர்கள் சிரித்து அவரைப் படம் எடுத்தார்களாம். தீவு கண்ணுக்கு மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்தாராம், கரையில் நிற்பவனுக்குக் கப்பல் இன்னும் தெரியக்கூடும் என்று. அந்த மனிதனை நான் மரக்கட்டை என்றேன். எழுந்துபோய் அவருடைய நெஞ்சில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதேன். அவரும் அழுதார். அவர் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

றொனால்ட் போன படகு போய்ச் சேரவில்லை என்று ஏஜென்சிக்காரனின் ஆள் ஒருவன் சொன்னான். இல்லை, வேறு ஒரு நாட்டில் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று இன்னொருவன் சொன்னான். இரண்டுக்கும் சாட்சி இல்லை. ஏலாது என்று இருந்த பிள்ளையை எழும்பிப் படகில் ஏறவைத்தது அந்தச் சேலைதான். அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்வதா, அந்தக் கடவுளையே திட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இக்னேசியஸ் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. சில நாள் வேலைக்குப் போகாமல் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பார்.

வேரோனிக்கா அக்கா ஒருமுறை கப்பல் படங்களைக் காட்டச் சொல்லிக் கேட்டார். ஏறும்போது எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது, காட்டினேன். நல்லாச் சிரிக்கிறீர் என்றார்.

இப்போதும் எப்போதாவது அந்தப் பதிவுக்குரல் கேட்கும். பெயர் வரும்வரை நான் காத்திருப்பதில்லை, உடனே ஒன்றை அழுத்திவிடுகிறேன். ஒருமுறை யாரோ சிறைச்சாலையிலிருந்து பிழையான எண்ணுக்கு எடுத்திருந்தான். எனக்குத் தெரியாத மொழியில் அழுதான். நான் வைக்கவில்லை. அவன் அழுது முடிக்கும்வரை காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். மாதக் கடைசியில் பில் வந்தது, இக்னேசியஸ் ஒரு சொல்லும் சொல்லாமல் கட்டினார்.