பதினேழு 'பரவாயில்லை'

ஒரு மணி நேரப் பேட்டியில் ஒதோவா சான் பதினேழு முறை 'பரவாயில்லை' என்று சொல்லியிருந்தார். முதலில் எண்ணியபோது ஹினாகோவுக்குப் பதினாறுதான் வந்தது. நாற்பத்தோராவது நிமிடத்தில் இருமலோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றைத் தவறவிட்டிருக்கிறாள் என்பது ஒலிப்பதிவை மறுபடி கேட்டபோதுதான் தெரிந்தது. அதையும் ஒரு சீட்டில் எழுதி, மற்ற பதினாறு சீட்டுகளோடு வைத்தாள்.

அவள் ஜப்பானில் செந்தாய் நகரத்துக்கு வெளியே ஒரு மனநல மருத்துவமனையில் நர்ஸ். ஆறு வருடமாக ஒரே வார்டு. பத்து, இருபது ஆண்டுகளாக வீடு திரும்பாதவர்களின் வார்டு. புதன்கிழமைகளில் வேலை முடிந்ததும் ரயிலேறி, வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை முதுகலை வகுப்புக்குப் போவாள். இப்போது இந்தத் துறையில் எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் ஒரே பேச்சுதான்: நோயாளிக்கு என்ன வேண்டும் என்பதை நோயாளியிடமே கேளுங்கள், அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதுங்கள். ஹினாகோவும் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். எட்டுப் பேரிடம், வெளியே போய் வாழ்வதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பது; பேச்சை வரி பிசகாமல் எழுதுவது; பொருள் உள்ள துண்டுகளைச் சீட்டுகளாக வெட்டி மேசையில் பரப்புவது; ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் பெயர் வைப்பது. கேட்க எளிதாகத்தான் இருந்தது.

ஒதோவா சானுக்கு அறுபத்து மூன்று வயது. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தவர். வார்டுக்கு வந்து இருபத்தேழு ஆண்டுகள். அவருடைய பதினேழு சீட்டுகளுக்கும் சேர்த்து ஹினாகோ வைத்திருந்த பெயர் 'சம்மதம்'.

அதோடு விட்டிருந்தால் வெறும் ஆய்வுத் தவறாகப் போயிருக்கும். போன திங்கட்கிழமை அவள் வாய் சும்மா இருக்கவில்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தலைமை நர்ஸ் தொகாஷி சான் பதிவேட்டில் இருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"பேட்டி எடுத்தியே, ஒதோவா சான் என்ன சொன்னாரு? அந்தக் குழு இல்லத்துல ஒரு ரூம் காலியாயிருக்கு. தனி ரூம்."

"பரவாயில்லன்னு சொன்னாரு" என்றாள் ஹினாகோ, கோட்டு மாட்டிக்கொண்டே.

தொகாஷி சான் எழுதிவிட்டார். 'குழு இல்லத்துக்குச் செல்ல நோயாளி சம்மதம். நர்ஸ் ஹினாகோவிடம் கூறியது.' வியாழக்கிழமை, நோயாளிகளை வெளியே அனுப்புவதை முடிவு செய்யும் கூட்டம். வார்டை விட்டுப் போகிறவர்கள் சேர்ந்து வாழும் அந்த இல்லத்துக்கு அன்றைக்கே பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அறை வேறொருவருக்குப் போய்விடும்.

புதன்கிழமை வகுப்பில் ஹினாகோ சீட்டுகளைப் பரப்பினாள். எதிரே முனகாதா சான் உட்கார்ந்திருந்தார். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ், பெரிய உடம்பு. கடையில் வாங்கிய சோற்று உருண்டையைப் பேராசிரியை வருவதற்குள் மென்றுகொண்டிருந்தார்.

"பதினேழும் சம்மதமா?" என்றார். "என் வீட்டுக்காரி 'பரவாயில்ல'ன்னு சொன்னா நான் செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுவேன். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் திரும்புவேன்."

"இவரு அப்படிப்பட்டவர் இல்ல, முனகாதா சான்."

"எப்படிப்பட்டவரு?"

ஹினாகோ அவருக்கு ஆறு வருடமாக மாத்திரை கொடுக்கிறாள். எப்படிப்பட்டவர்?

பேராசிரியை இசோபே சென்செய் வந்து, சீட்டுகளைப் பார்த்துவிட்டு, "ஒலிப்பதிவைப் போடு" என்றார்.

ஹினாகோவின் குரல்: 'அங்க உங்களுக்குன்னு தனி ரூம் இருக்கும்.' ஒதோவா சானின் குரல்: 'பரவாயில்ல.'

"வேண்டாம்னு சொல்றாரு" என்றார் முனகாதா சான் உடனே. "டீ வேணுமான்னு கேட்டா சொல்வோமே, அது மாதிரி."

"எனக்கு அப்படிக் கேக்கல" என்றார் பேராசிரியை. "தனி ரூம் இல்லன்னாலும் பரவாயில்லங்கற மாதிரி இருக்கு. இன்னொரு தடவை போடு."

நான்கு தடவை போட்டார்கள். நான்காவது தடவையில் ஹினாகோவுக்கு அது சொல்லாகவே கேட்கவில்லை. யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம்போல இருந்தது. அப்போதுதான் அவள் திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னாள். பாதியில் முனகாதா சான் மிச்சமிருந்த சோற்று உருண்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"பேட்டியில சொல்றதை வார்டுல யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு ஒப்புதல் படிவத்துல எழுதியிருக்கே. எழுதினது யாரு?" என்று கேட்டார் பேராசிரியை.

"நான்தான், சென்செய்."

"நெறிமுறைக் குழுவுக்கு நான் கடிதம் எழுதணும். அந்தப் பேட்டி உன் ஆய்வுல நிக்குமா நிக்காதான்னு அவங்க சொல்வாங்க. அது என் வேலை." அவர் சீட்டுகளைக் கூட்டி ஒரே கட்டாக அவள் பக்கம் தள்ளினார். "வியாழக்கிழமை உன் வேலை."

"அவருக்குப் போக விருப்பம் இல்லன்னா, நான் அவரை வெளிய தள்ளிட்டேன். விருப்பம் இருந்து நான் இப்ப போய்க் குழப்பினா, ரூம் போயிடும். அடுத்த ரூம் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? எது சரி, சென்செய்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இசோபே சென்செய். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஹினாகோவுக்கு அதிகம் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வார்டில் பார்லி டீ வந்தது. ஹினாகோ மருந்து வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவியாளர் கெண்டியைச் சாய்த்தபோது ஒதோவா சான் உள்ளங்கையால் கோப்பையை மூடி, "பரவாயில்ல" என்றார். சரி, மறுப்பு. முனகாதா சான் சொன்னதுதான் சரி என்று ஹினாகோ மனதுக்குள் முடிவு கட்டினாள். உதவியாளரோ, "அட, கையை எடுங்க" என்று அவர் விரல்களைத் தட்டிவிட்டு நிறைய ஊற்றிவிட்டுப் போனார். ஒதோவா சான் கோப்பையை எடுத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்துவிட்டுக் கெண்டி போன திசையைப் பார்த்தார்.

ஹினாகோ அவர் அருகில் போய் உட்கார்ந்தாள்.

"ஒதோவா சான், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பேட்டியில நீங்க சொன்னதைத் தொகாஷி சான்கிட்ட சொல்லிட்டேன். சொல்லக் கூடாது. மன்னிச்சுக்கணும்." தலை தாழ்த்தினாள்.

"பரவாயில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வரும்போல இருந்தது.

"இல்ல, இதைக் கேளுங்க. அந்தக் குழு இல்லத்துக்கு நீங்க போகணும்னு சொல்றீங்களா, வேண்டாம்னு சொல்றீங்களா?"

ஒதோவா சான் அவள் முகத்தைப் பார்த்தார். "பதிவேட்டுல என்ன எழுதியிருக்கு?"

"போறதா எழுதியிருக்கு."

"அப்ப அதுவே."

"அது தப்பா இருந்தா?"

"தப்புன்னா மாத்தி எழுதிடுங்க." பிறகு, அவள் ஏதோ கஷ்டத்தில் இருக்கிறாள் என்று புரிந்தவர்போலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எதுக்குச் சிரமப்படறீங்க? உங்களுக்கு எது தோதோ அது."

ஹினாகோ மருந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பதினேழு சீட்டுகளையும் அவள் ஒவ்வொன்றாக நினைவில் புரட்டிப் பார்த்தாள். தனி அறை, சமையல், தனியாகப் பேருந்தில் போவது, அண்ணன் குடும்பம். எதற்குமே அவர் பதில் சொல்லவில்லையோ? கேட்கிற நர்ஸுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று பதினேழு தடவையும் அவளுக்குத்தான் வழிவிட்டுக்கொண்டிருந்தாரோ? அப்படியென்றால் அந்தக் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது? இல்லை, இதுவும் அவளாக நினைத்துக்கொள்வதுதானா? திங்கட்கிழமையும் இப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் மூன்று மணிக்கு. டாக்டர், தொகாஷி சான், இல்லத்தின் பொறுப்பாளர் யோமோதா சான், ஹினாகோ. வழக்கப்படி எல்லாம் பேசி முடித்த பிறகுதான் நோயாளியைக் கூப்பிட்டு முடிவைச் சொல்வார்கள்.

"ஆரம்பத்துலயே அவரைக் கூப்பிடலாமா?" என்றாள் ஹினாகோ.

தொகாஷி சான் பேனாவைக் கீழே வைத்தார். "பேசி முடிச்சிட்டுக் கூப்பிடலாமே. அவரு எதிர்ல எதுக்கு? சம்மதம்னு நீதானே சொன்னே?"

"நான் சொன்னது தப்பு, தொகாஷி சான். ஆய்வுக்காகக் கேட்டதை வெளிய சொல்லியே இருக்கக் கூடாது. சொன்னதும் சரியில்ல. அவரு பரவாயில்லன்னுதான் சொன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல."

"ஆறு வருஷமா இருக்கே, தெரியலயா?"

"தெரியல."

"நான் பதினொரு வருஷமா இருக்கேன்" என்றார் டாக்டர் காகிதங்களைப் பார்த்தபடி. "என்கிட்டயும், மாத்திரை சரியா வேலை செய்யுதான்னு கேட்டா பரவாயில்லன்னுதான் சொல்றாரு. கூப்பிடுங்க."

ஒதோவா சான் வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஹினாகோ காலையிலிருந்து ஒரு கேள்வியை எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்தாள். 'விருப்பமா' என்று கேட்கக் கூடாது. 'ஏதாவது கேட்க வேண்டுமா' என்றும் கேட்கக் கூடாது. இரண்டுக்கும் அந்த ஒரு சொல் போதும்.

"யோமோதா சான் அந்த இல்லத்துல இருந்து வந்திருக்காங்க. அந்த இடத்தைப் பத்தி நீங்க இவங்ககிட்ட மொதல்ல கேக்கப்போறது என்ன?"

சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. இருபது விநாடி. தொகாஷி சான் உதவிக்கு வாயைத் திறந்தார். ஹினாகோ கையை உயர்த்தினாள். தலைமை நர்ஸுக்கு எதிரே கையை உயர்த்துகிறோம் என்பது உயர்த்திய பிறகுதான் உறைத்தது. நாற்பது விநாடி.

"ராத்திரியில டார்ச் அடிச்சுப் பாக்க யாரு வருவாங்க?" என்று கேட்டார் ஒதோவா சான்.

"யாரும் வர மாட்டாங்க" என்றார் யோமோதா சான். "ரூம் கதவு உங்களோடது. அவசரம்னா அழுத்தறதுக்கு மணி இருக்கு."

"அப்ப நான் தூங்கிட்டேனா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

ஒதோவா சான் தலையை ஆட்டினார். பயந்துவிட்டார் என்று தொகாஷி சானின் முகம் சொன்னது; டாக்டரோ, அவருக்குப் பிடித்துவிட்டது என்பதுபோல லேசாகப் புன்னகைத்தார். ஹினாகோ இருவரையும் பார்த்துவிட்டு, அவரையே கேட்டாள்:

"அது உங்களுக்கு நல்லா இருக்குமா, கஷ்டமா இருக்குமா?"

"இருபத்தேழு வருஷமா யாராவது பாத்துக்கிட்டேதானே இருக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

யோமோதா சான் முன்னால் சாய்ந்தார். "சோதனைக்கு வந்து தங்கிப் பாக்கலாம். மூணு ராத்திரி. பிடிக்கலன்னா திரும்பிடலாம்."

"மூணு போதாது." இதைச் சொன்னபோது குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. "மொத ரெண்டு ராத்திரி தூக்கமே வராது. மூணாவது ராத்திரி அலுப்புல தூங்கிடுவேன், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஏழு வேணும்."

"ஏழா? எங்க விதியில மூணுதான்..." யோமோதா சான் தொகாஷி சானைப் பார்த்தார். "கேட்டுப் பாக்கறேன். ரூமைப் பிடிச்சு வெக்கச் சொல்றேன்."

"இங்க என் கட்டிலை யாருக்கும் கொடுத்துடக் கூடாது."

"கொடுக்க மாட்டோம், ஒதோவா சான்" என்றார் டாக்டர்.

தொகாஷி சான் படிவத்தை ஹினாகோ பக்கம் தள்ளினார். "நீயே எழுது. சம்மதம் ஒரு கட்டம், சம்மதமில்லை ஒரு கட்டம். ஏழு ராத்திரி வேணுங்கறாரு, கட்டிலும் வேணுங்கறாரு. எதுல டிக் அடிக்கப்போறே?"

"ரெண்டுலயும் இல்ல."

"ரெண்டுலயும் இல்லன்னு எழுதின படிவத்தை இந்த ஆஸ்பத்திரியில நான் பாத்ததில்ல."

"நானும் பாத்ததில்ல, தொகாஷி சான்."

திங்கட்கிழமைக் குறிப்பின் மேல் ஹினாகோ அளவுகோல் வைத்து இரண்டு கோடு இழுத்தாள். ஓரத்தில், கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையை அழுத்தினாள். மை சரியாகப் படாமல் பெயரில் பாதிதான் விழுந்தது. மறுபடி அழுத்தினாள். அதன் கீழே அவர் சொன்னதை வரி பிசகாமல் எழுதினாள்: 'ஏழு வேணும். இங்க என் கட்டிலை யாருக்கும் கொடுத்துடக் கூடாது.' கட்டங்கள் இரண்டும் வெறுமையாக இருந்தன. அவை அப்படிக் கிடப்பது அவளை உறுத்தியது. தான் இன்னொரு தப்பு செய்துகொண்டிருக்கலாம் என்றும் தோன்றியது. ஆனாலும் அப்படியே விட்டாள்.

"எப்ப வர்றீங்க? திங்கட்கிழமை வண்டி அனுப்பட்டுமா?" என்றார் யோமோதா சான்.

ஒதோவா சான் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தார்.

"திங்கட்கிழமை இங்க எனக்குக் குளிக்கற நாள்" என்றார். "செவ்வாய்க்கிழமை அனுப்புங்க."

ஹினாகோ செவ்வாய் என்று எழுதினாள்.