கிடாரத்தில் எழுதிய நம்பர்

"இந்த நம்பர் ஆர்ர பேரில இரிக்கி, தங்கச்சி?"

ஏறாவூர் கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் றுமைஸ் நானா கேட்டபோது, நான் "உம்மாட" என்றேன். அவர் கம்பியூட்டரை என் பக்கம் திருப்பினார். அதில் வாப்பாவின் பெயர் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் சிம் வாங்கப் போனவர் அவர்தானே.

உம்மா, ஊருக்கு றமீஸா ராத்தா, கல்யாண வீடுகளுக்குச் சஹன் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறார். பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுவது. சோறு ஆக்கும் எங்கள் நாலு பெரிய கிடாரத்தின் வயிற்றிலும் அந்த நம்பரை வெள்ளைப் பெயின்ற்றால் எழுதியிருக்கிறோம். கிடாரம் எந்த முற்றத்தில் இறங்குகிறதோ, அங்கிருந்து அடுத்த கல்யாண வீட்டுக்கு நம்பர் போய்விடும். ஆனால் வாவிக்கரையில் இருக்கும் எங்கள் வளவுக்கு அந்த நம்பருக்குரிய போன் கம்பனியின் சிக்னல் வருவதில்லை. உம்மாவின் கை மசாலாவில் இருக்கும். போனை எடுப்பது நான்தான். மதிலோரம் ஓடிப்போய் "ஹலோ, ஹலோ" என்று கத்துவதற்குள் கட்டாகிவிடும். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே தலை குனிந்து, பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகாமல் விட்டவள் நான். எனக்குக் கத்த வராது. போன மாதம் மட்டும் மூன்று கல்யாணம் கைவிட்டுப் போனது. நம்பரை மாற்றாமல் கம்பனியை மட்டும் மாற்றலாம் என்று கேள்விப்பட்டுத்தான் உம்மா என்னை அனுப்பினார்.

"வாப்பா வந்து கையெழுத்து வெக்கோணும்," என்றார் றுமைஸ் நானா. "உம்மாட பேருக்கு எழுதிக் குடுத்திட்டார் எண்டா, கம்பனி மாத்துறது லேசான வேல."

வாப்பா மூன்று வருடத்துக்கு முன் உம்மாவுக்குத் தலாக் சொல்லிவிட்டு ஓட்டமாவடியில் வேறு கல்யாணம் முடித்தவர். எங்கள் பக்கத்து வழக்கம், வீடு பெண்ணுக்குக் கொடுப்பது. மாப்பிள்ளைதான் வந்து இருப்பவர். அதனால் போகிற அன்று உடுப்புப் பையையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் எடுத்துக்கொண்டார். வீடு, வளவு, கிடாரம், அகப்பை எல்லாம் உம்மாவுக்கு. நம்பரை ஒருவரும் நினைக்கவில்லை. அது கண்ணுக்குத் தெரிகிற சாமானா?

வாப்பா வரவேண்டும் என்று வீட்டில் சொன்னபோது உம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

"நான் அவரோட கதைக்க மாட்டன். நீ போன் எடுத்துக் கேளு. ஒனக்கு வாப்பாதானே."

"என்னண்டு கேக்குற உம்மா?"

"வாயாலதான்."

எடுத்தேன். "வாறன் மகள்," என்றார் உடனே. அந்த இரண்டு சொல்லையும் என் கொப்பியின் பின்பக்கத்தில், உம்மா பார்க்காத இடத்தில், எழுதி வைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் வாப்பா கடைக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது. சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

"என்ன மகள், இப்பிடி மெலிஞ்சி போனாய்? உம்மா சமைக்கிறதெல்லாம் ஊராருக்கோ?"

சிரித்துவிட்டேன். றுமைஸ் நானா படிவம் எடுக்க உள்ளே போனார்.

"இந்த நம்பருக்கு இப்பயும் ஓடர் வருதா?" என்று வாப்பா கேட்டார்.

"வருது வாப்பா."

"மாசத்துக்கு ஒண்டு ரெண்டு வருமா?"

உம்மாவை அவர் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று எனக்குப் பட்டது. ஆட்களோடு பேசத் தெரியாத நான் அன்று பேசினேன். காத்தான்குடியிலிருந்தும் போன் எடுக்கிறார்கள் என்றேன். பெருநாள் முடிந்து ஒரே நாளில் ஆறு பேர் கேட்டார்கள், சிக்னல் இருந்தால் இன்னும் வரும் என்றேன்.

வாப்பாவின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. தாடியைத் தடவினார்.

"நானும் அங்க ரெண்டு கிடாரம் வாங்கி வெச்சிரிக்கன்," என்றார், மேசையிடம் சொல்வதுபோல. "ஒருத்தரும் கேட்டு வாறாங்க இல்ல."

றுமைஸ் நானா இரண்டு படிவங்களோடு வந்தார். "முதல்ல பேர் மாத்துறதுக்கு இதில..."

"பேர் மாத்தத் தேவல்ல. என்ர பேரிலயே இரிக்கட்டும். கம்பனிய மட்டும் மாத்தி, சிம்ம எங்கிட்டத் தா."

"இது றமீஸா ராத்தாட தொழில் நம்பரெல்லவா, நானா?" என்று வாப்பாவைக் கேட்டார் றுமைஸ் நானா.

"ஆர்ர பேரில இரிக்கி?"

றுமைஸ் நானா என்னைப் பார்த்தார். பிறகு வாப்பாவின் அடையாள அட்டையை வாங்கிக் கம்பியூட்டரில் தட்டத் தொடங்கினார். என் கையில் இருந்த போன் நடுங்கியது. உறுதிப்படுத்தும் ஆறு இலக்கம் பழைய சிம்முக்குத்தான் வரும்.

"வந்தத வாசி மகள்," என்றார் வாப்பா.

வாசிக்காமல் இருந்திருக்கலாம். போனை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியிருக்கலாம். ஆனால் வாப்பா கேட்டால் இல்லை என்று சொல்ல நான் பழகவில்லை. ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். என் குரல் தெளிவாகக் கேட்டது.

"பின்னேரத்தோட அந்த சிம் நிண்டிரும் தங்கச்சி," என்றார் றுமைஸ் நானா, நிமிராமல். "ஒனக்குப் புது நம்பர் ஒண்டு தரட்டா?"

நான் பதில் சொல்லுமுன் போன் அடித்தது. ஒரு பெண். கடைத்தெருவில் சிக்னல் நன்றாக இருந்தது.

"சஹன் சாப்பாட்டு றமீஸா ராத்தாட வீடா? எங்கட மகள்ர கல்யாணம், வாற மாசம் பதினெட்டு. ஐம்பது சஹன் ஏலுமா?"

வாப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் புது சிம்மைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். மோட்டார் சைக்கிளை உதைத்தார். ஒரு சலாம்கூடச் சொல்லாமல் ஓட்டமாவடிப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.