வலது இருக்கையின் எடை

1

இர்யாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. மரம் வெட்டும் எந்திரத்தில் பன்னிரண்டு மணி நேரம் குலுங்கிவிட்டு வந்தவள், பூட்ஸைக் கழற்றக் குனிய முடியாமல் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஓர் எண்ணில்தான் தொடங்கியது. எங்கள் ஊரில், பின்லாந்தின் கிழக்கு எல்லைக் காட்டுக்குள், ஆர்வோ என்பவர் பந்தயக் கார்களுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றிக் கொடுக்கிறார். ஒருநாள் காபிக்கு நடுவில் சொன்னார்: "ஆளில்லாத சீட்டு எண்பத்திநாலு கிலோ காட்டுச்சு." அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவர் ஏலக்காய் பன்னை எடுத்துக் கடிப்பதுதான் மரியாதை.

மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது. இர்யாவையும் சேர்த்து. இடுப்பு வலி மட்டும் அசல், அது என்னுடையது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஏரியின் மேல் பனி வெள்ளைப் போர்வையாக..."

[அடித்துவிட்டேன். பனியைப் போர்வை என்கிறவர் அதை மண்வாரியால் அள்ளியிருக்க மாட்டார்.]

இரண்டாவது: ஞாயிற்றுக்கிழமை மதியம். வரும் சனிக்கிழமை பந்தயம். பதினெட்டு கிலோமீட்டர் காட்டுப்பாதை. பாதி பனி, பாதி பனியை வழித்துவிட்ட சரளை. இர்யாவின் சின்னக் கார் ஆர்வோவின் கொட்டகையில் நிற்கிறது.

"சரளைக்குப் போட்ட கட்டி ஸ்பிரிங்கே இருக்கட்டும் ஆர்வோ. கீழ இடிக்காது."

"சரளையில இடிக்காது. பனியில பலகை மாதிரி வழுக்கிட்டுப் போகும். சக்கரம் பள்ளத்துல இறங்கணும், வண்டி சாயணும். சாஞ்சாத்தான் டயர்ல அடிச்ச ஆணி பனியைக் கடிக்கும். என்னமோ நேத்துதான் ஸ்டியரிங்கைத் தொட்டவ மாதிரி பேசுற?"

"மெத்துன்னு இருக்குற ஸ்பிரிங்னா அடிவரைக்கும் அமுங்கிடுமே."

"அதுக்குத்தான் ஷாக்கை நீளமாப் போட்டு, மூணு சென்டிமீட்டர் தூக்கி வெக்கிறோம். எடை சரியாப் பாத்து வெச்சா எதுவும் அமுங்காது."

இர்யா கையுறையைக் கழற்றிப் பையில் திணித்தாள்.

(அன்று அவள் தனியாகத்தான் காரில் வந்தாள். என் கைப்பிரதியில் "இரண்டு கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது" என்று இருக்கிறது. அடித்தேன். அடுத்த படியிலும் இருந்தது. மறுபடி அடித்தேன். மூன்றாவது படியிலும் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.)

3

ஆர்வோவிடம் ஒரு வழக்கம் உண்டு. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எடைத்தட்டு. இடது இருக்கையில் ஓட்டுகிறவர், வலது இருக்கையில் வழிக்குறிப்பு வாசிக்கிறவர், இருவரும் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பிரிங்கின் உயரத்தைத் திருகுவார். வர முடியாதவருக்குப் பதிலாக, சாலையில் தூவும் சரளை மூட்டைகளை அதே எடைக்கு இருக்கையில் ஏற்றிக் கட்டுவார். பிறகு பெயரையும் கிலோவையும் பென்சிலால் சுவரில் எழுத வேண்டும். எழுதாத வண்டி கதவைத் தாண்டாது.

சுவரில் போன குளிர்காலத்து வரி இர்யாவின் கையெழுத்தில் இருக்கிறது: தைஸ்தோ, 84.

ஒன்பது வருடம் அவளுக்கு வழி வாசித்தவன் தைஸ்தோ. போன குளிர்காலத்தில் ஓர் இடது வளைவில் கார் வலப்பக்கமாக அமுங்கி, அடி தரையைத் தட்டி, பனிமேட்டுக்குள் போயிற்று. மேட்டுக்குள் பாறை இருந்தது. பாறை தைஸ்தோவின் பக்கம் இருந்தது.

* முதல் படியில் தைஸ்தோவை நான் சாகடிக்கவில்லை. ஒரு காலை மட்டும் எடுத்தேன். ஆனால் கால் போனவன் பேசுவான். இந்தக் கதையில் அவன் பேச ஆரம்பித்தால் இர்யா தாங்கமாட்டாள்.

சனிக்கிழமை அந்த இருக்கையில் உட்காரப்போவது அவன் தம்பி ஓஸ்மோ. எழுபது கிலோ. ஆலையில் பலகை அடுக்குகிறான். அவனாகவே வந்து கேட்டான்: "அண்ணன் சீட்டு சும்மாதானே கிடக்கு?"

மெத்து ஸ்பிரிங் ஏறிவிட்டது. ஓஸ்மோ வர நேரமாகும் என்று ஆர்வோ மூட்டைகளை எடுக்கப் போனார். இர்யா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கார் தொள்ளாயிரத்து இருபது, அவள் அறுபத்தொன்று. தொள்ளாயிரத்து எண்பத்தொன்று காட்ட வேண்டும்.

"இர்யா, சீட்டுல ஏதாவது வெச்சிருக்கியா?"

"இல்லையே."

"ஆயிரத்து அறுபத்தஞ்சு காட்டுது. நான் இன்னும் மூட்டையைத் தொடவே இல்ல."

ஆர்வோ மூக்கை உறிஞ்சினார். "அடியில ஐஸ் கட்டியிருக்கும்." சூடான காற்றடித்து உருக்கினார்கள். ஒரு வாளித் தண்ணீர் வடிந்தது. இரண்டு கிலோ குறைந்தது. தண்ணீர் வடிந்து முடிந்ததும் அந்த இரண்டும் திரும்ப ஏறியது. வலதுபக்கத் தட்டுகளை இடதுக்கு மாற்றினார். கூடுதல் எடை தட்டோடு நகரவில்லை. வலப்பக்கமே இருந்தது.

"புதுத் தட்டு வாங்கணும்போல," என்றார் ஆர்வோ, யாரிடமும் இல்லாமல்.

இர்யா வலப்பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் காலி இருக்கைதான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் திரும்பவில்லை.

4

இந்தப் பகுதியை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவளை உண்டாக்கிய பாவத்துக்குத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

முதல் பகுதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அது போன குளிர்காலத்துச் சாயங்காலம். மறுநாள் பந்தயம். ஆர்வோ முழங்கால் ஆபரேஷனுக்காக மருத்துவமனையில் இருந்தார், சாவி இர்யாவிடம். தைஸ்தோவை ஆலையில் இரண்டாம் ஷிப்டுக்கு நிறுத்திவிட்டார்கள். "நீயே பாத்துக்க, மூட்டையை வெச்சுடு" என்று போனில் சொன்னான். மூட்டைகள் வெளியே பனியில் உறைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு மூட்டையைக் காலால் உதைத்தாள். அசையவில்லை. இன்னொரு முறை உதைக்க இடுப்பு இடம் கொடுக்கவில்லை.

வலது இருக்கையைக் காலியாக விட்டு, அந்தக் குறைந்த எடைக்கே ஸ்பிரிங்கைத் திருகினாள். சுவரில் "தைஸ்தோ, 84" என்று எழுதினாள். விளக்கை அணைத்தாள்.

[இங்கே அவள் அழுததாக ஒரு பத்தி இருந்தது. பொய். அன்று அவள் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள்.]

5

ஓஸ்மோ பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டே உள்ளே வந்தான்.

"என்ன, ரெண்டு பேரும் சாவு வீட்ல நிக்கிற மாதிரி..." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஏறி உக்காரு," என்றார் ஆர்வோ.

உட்கார்ந்தான். இருக்கை கிறீச்சிட்டது. பெல்ட்டை மாட்டினான். ஆர்வோ எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரத்து அறுபத்தைந்து. ஒரு கிராம் ஏறவில்லை, ஒரு கிராம் இறங்கவில்லை.

"எவ்ளோ காட்டுது?"

"எண்பத்திநாலு."

"போய்யா! ஆலைச் சாப்பாட்டுல எவன் எண்பத்திநாலு ஆவான்? அது எங்கண்ணன் எடை." ஓஸ்மோ சிரித்தான். கதவு வழியே சுவரை எட்டிப் பார்த்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது. "அந்தா எழுதியிருக்கே. இர்யா, இதே தட்டுலதானே உக்காந்தான்?"

இர்யா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

"பந்தயத்துக்கு முந்தின ராத்திரி நான் அவனைப் பாக்கல. அடுத்த நாளும் பாக்கல. இங்க உக்காந்து என்ன பேசிக்கிட்டிருந்தான்? ஏதாவது கிண்டல் பண்ணியிருப்பானே. சும்மா சொல்லேன்."

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. "பசிக்குதுன்னான்" என்கிறாள் இர்யா. ஓஸ்மோவுக்கு அது போதும். அண்ணன் எப்போதும் பசிக்கிறவன். ஆர்வோ வலது ஸ்பிரிங்கை எண்பத்துநாலுக்குத் திருகுகிறார். சனிக்கிழமை அந்த இடது வளைவு வருகிறது. ஓஸ்மோ குறிப்பை வாசிக்கிறான், அவனுக்கு அரை நொடி முன்னால் இன்னொரு குரல் அதே...

[இதற்குமேல் எழுத எனக்குத் தைரியமில்லை.]

இரண்டு. உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எண் எழுபதுக்கு இறங்குகிறது. ஓஸ்மோ இறங்கி நடக்கிறான். அழகான முடிவு, அதனால்தான் நான் நம்பவில்லை. வாயைத் திறந்ததும் பாரம் இறங்கும் என்று, பாரம் தூக்கிய யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மூன்று. ஆர்வோ தொண்டையைச் செருமுகிறார். "நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்பவும் அந்த மூட்டைங்க ஐஸோட ஒட்டித்தான் கிடந்துச்சு, ஏப்ரல் வரைக்கும் இடம்..." என்று தொடங்கி, இர்யாவின் பின்னந்தலையைப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார். அப்படியானால், அன்று இருக்கையில் தைஸ்தோவும் இல்லை, மூட்டையும் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஒரு வருடமாகத் தெரியும்.

மூன்றையும் கிழிக்கவில்லை. எதையும் எடுக்கவுமில்லை. கொட்டகையில் அவர்களை அப்படியே விட்டிருக்கிறேன். ஓஸ்மோ இர்யாவின் பக்கம் முகத்தைத் திருப்பிப் பதிலுக்குக் காத்திருக்கிறான். ஆர்வோ ஸ்பேனரோடு வலது முன்சக்கரத்தின் பக்கம் குந்தியிருக்கிறார்.

"எத்தனைக்கு வெக்கட்டும்?" என்கிறார். இர்யாவைப் பார்த்துத்தான் கேட்கிறார்; ஆனால் அவள் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லுங்கள். எழுபதா, எண்பத்துநாலா, இரண்டையும் கூட்டியா? உட்காரப்போவது உயிருள்ள ஆள் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எந்த எண்ணைச் சொன்னாலும் பாக்கி தீராது. இர்யா ஓஸ்மோவுக்கு ஒரு வாக்கியம் தர வேண்டியிருக்கிறது: உன் அண்ணன் அந்தத் தட்டில் உட்காரவே இல்லை. அதை அவள் இன்னும் தரவில்லை.