தட்டில் விழுந்த அரை டாலர்

ஆர்டன் விக் திருடன் இல்லை. நான்கு வருஷமாக இதை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். திருடன் எவனாவது கணக்கைச் சரியாக வைப்பானா? ஆர்டனின் கணக்கில் ஒரு சென்ட் குறைந்ததில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைத் தட்டு தேவாலயத்தின் நிலவறைக்கு வரும். நோட்டும் செக்கும் மார்வெல் எண்ணுவாள், சில்லறை ஆர்டனுக்கு. வாராவாரம் நாற்பத்தேழாம் எண் உறையில் ஓர் அரை டாலர் காசு இருக்கும். சபையார் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணிட்ட உறை; இது எண்பது வயது விதவை ஜெனிவா தோர்சனுடையது. முதல் காசு மேசையில் விழுந்த ஓசையிலேயே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. காசில் பொறித்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கு. விளிம்பில் புதுக் காசுகளுக்கு இருக்கும் செம்புக் கோடு இல்லை, சுற்றிலும் வெள்ளை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி! அடுத்த வருஷமே அரசாங்கம் வெள்ளியைக் குறைத்துவிட்டது. அரை டாலர் என்று பேர்தான், பத்து டாலர் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.

ஆர்டன் தன் பையிலிருந்து இரண்டு கால் டாலர்களை எடுத்துக் குவியலில் போட்டான். வெள்ளியைப் பையில் போட்டுக்கொண்டான். சில்லறை மாற்றுவது ஒரு குற்றமா? பேங்குக்குப் போனால் வேறு எவனோ எடுக்கப்போகிறான். இப்படி வாராவாரம் ஒரு காசு அவன் வீட்டு ஜாடிக்குப் போனது. போன கோடையில் நாற்பதை விற்று, ஏரியில் மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி ஒன்றைப் படகுக்கு வாங்கினான். ஊர் முழுக்கக் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டான்.

ஜனவரியில் தேவாலயத்து ஹீட்டர் செத்துப்போனது. மினசோட்டாக் குளிரில் எல்லாரும் கோட்டும் கையுறையுமாக ஜெபம் செய்துவிட்டு, காபிக் கோப்பையோடு நிலவறையில் கூடினார்கள்.

"எட்டாயிரம் வேணும். கையில ஆறுதான் இருக்கு" என்றார் பாஸ்டர்.

ஜெனிவா எழுந்தாள். மீட்டிங்கில் அவள் வாயைத் திறந்ததே கிடையாது.

"என் வீட்டுக்காரர் சேர்த்து வெச்ச வெள்ளிக் காசு பாஸ்டர். மொத்தமாக் குடுத்தா ஊரே பேசும்னு வாரத்துக்கு ஒண்ணாப் போட்டேன். நாலு வருஷம், இருநூத்தி எட்டு வாரம். சில்லறை எண்ணுறது ஆர்டனாச்சே, அவனுக்கு வெள்ளி தெரியும். தனியா எடுத்து வெச்சிருப்பான். இல்லையாப்பா?"

எல்லார் முகமும் அவன் பக்கம் திரும்பியது. ஆர்டன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இருக்கு... வீட்ல பத்திரமா இருக்கு."

கை தட்டினார்கள். மார்வெல் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "அடப்பாவி, உன்னைப் போய்க் கஞ்சன்னு சொல்லிட்டிருந்தேனே! வாயையே திறக்கலையே நீ!"

"எதிர்வீடுதானே, ஓடிப்போய் எடுத்துட்டு வந்துடுங்களேன்" என்றார் பாஸ்டர்.

பனியில் தெருவைக் கடக்கும்போது அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. ஜாடியைக் கொண்டுவந்து வைத்தான். மார்வெல் பத்துப் பத்தாக அடுக்கினாள்.

"நூத்தி அறுபத்தெட்டு" என்றாள். மறுபடி எண்ணினாள். "நாப்பது குறையுதே?"

ஜெனிவா ஆர்டனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"என் தப்புதான்" என்றாள் அவள். "வயசாச்சில்ல? சில வாரம் காசை எடுக்க மறந்து நோட்டைப் போட்டிருப்பேன்."

"அதான பாத்தேன்" என்று மார்வெல் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். நாற்பத்தேழாம் உறையில் ஒருநாளும் நோட்டு வந்ததில்லை. அந்த உறைகளைப் பிரித்த ஆர்டனுக்கும், போட்ட ஜெனிவாவுக்கும் மட்டும்தான் அது தெரியும்.

ஜெனிவா கூஜாவைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் கோப்பையில் காபி ஊற்றினாள்.

"கோடையில மீன் நல்லா கெடைச்சுதா, ஆர்டன்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான்.

"கெடைச்சுது" என்றான்.