கை தலைக்குப் போகும் நேரம்

காலையில் தலைக்குக் குளித்துவிட்டுப் போனால், மதியச் சாப்பாட்டுக்குள் என் முடி பிசுபிசுத்து மண்டையோடு ஒட்டிக்கொள்ளும். பார்க்கிறவர்கள் இவள் குளித்து ஒரு வாரம் இருக்கும் என்று நினைப்பார்கள். தினமும் குளிக்கிறேன் என்று கழுத்தில் அட்டை எழுதியா மாட்டிக்கொள்ள முடியும்?

வீட்டுச் சாமான்கள் விற்கும் பெரிய கடை ஒன்றில் எனக்கு வேலை. விற்கிற பக்கம் இல்லை. விற்றது பழுதானால் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவார்களே, அந்தப் புகார் கவுண்ட்டரில். என் நாற்காலி கண்ணாடிச் சுவரை ஒட்டி இருக்கும். தெரு தெரியும், மழை வந்தால் தெரியும். அதற்கு முன் வருடக்கணக்கில் பின்னறையில் இருந்தேன். ஜன்னல் கிடையாது. அட்டைப்பெட்டி வாசனையும் காதில் மாட்டிய போனும்தான் துணை. அங்கே போனவர்களைக் கடை மறந்துவிடும். கவுண்ட்டருக்கு வந்த அன்றே, தலையே போனாலும் இந்த நாற்காலியை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். தலையால்தான் போகப்போகிறது என்று அப்போது தெரியாது.

மேனேஜர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிற எதையும் வேறு எப்படி எடுத்துக்கொள்வது? "கவுண்ட்டர்தான் கடையோட முகம். அடுத்த வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ்லேருந்து மேடம் வராங்க. உங்க தலை... கொஞ்சம் பார்த்துக்குங்க. இல்லேன்னா உங்களப் பின்னறைக்கு மாத்தற மாதிரி ஆயிடும்."

அவருக்கு முன்பாதி வழுக்கை. வந்த கோபத்தில் மிச்சப் பாதியையும் பிடுங்கியிருப்பேன். "பார்த்துக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு கை பார்த்துவிடுவது என்று தீர்மானமாகிவிட்டது.

முதலில் காலை, மாலை இரண்டு வேளையும் குளித்தேன். குளியலறைக் கதவை என் கணவர் தட்டிய தட்டில் தாழ்ப்பாள் ஆட ஆரம்பித்ததுதான் மிச்சம். ஷாம்பூவை மாற்றினேன். அது வாசனையாக இருக்கிறது என்று அவர் எடுத்துத் தேய்த்து இரண்டே நாளில் பாட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அவருக்குக் காய்ந்த புல் மாதிரி முடி, என்ன செய்தாலும் பிசுக்கு ஏறாது. கொடுத்து வைத்தவர். பிறகு முகப்பவுடரைத் தலையில் தூவிப் பார்த்தேன். ஃபேன் பழுது என்று வந்தவர், "வீட்ல வெள்ளையடிக்கிறீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

கடைசியில் என் நாத்தனார் தலையிட்டாள். என் கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. அடுத்தவர் வாயைப் பார்ப்பது தொழில் என்பதால் யார் சொல்வதையும் லேசில் நம்பமாட்டாள். குளியலறை வாசலில் நின்று நான் குளிக்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணி, தலைக்குக் குளிக்கிறீங்களா, தலையோட சண்டை போடறீங்களா?" என்றாள்.

"ரெண்டும்தான்டி."

"கொதிக்கற தண்ணி வேணாம். நகத்தால பிறாண்டாதீங்க, விரல் நுனியால தேய்ங்க. ஷாம்பூ மண்டைக்கு, கண்டிஷனர் முடி நுனிக்கு மட்டும். நீங்க அத மண்டையில பூசி ஊற வச்சா வேற எப்படி இருக்கும்? சரி, தலையணை உறைய எப்பத் துவைச்சீங்க?"

இதெல்லாம் ஒரு நாத்தனார் அண்ணியிடம் கேட்கிற கேள்வியா? முறைத்தேன். ஆனால் உறையைத் துவைத்தேன், சீப்பைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன், வெதுவெதுப்பான தண்ணீரில் நல்ல பிள்ளையாகக் குளித்தேன்.

பலன் இருந்தது. ஆனால் பாதிதான். மாலை வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் என்னை விளக்கடியில் நிறுத்திப் பார்த்தாள். "இடது பக்கம் நல்லா இருக்கு. வலது பக்கம் மட்டும் ஏன் இப்படி மழையில நனைஞ்ச கோழி மாதிரி இருக்கு?"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஒரே தலை, ஒரே தண்ணீர், ஒரே ஷாம்பூ. வலது பக்கத்துக்கு மட்டும் என்மேல் என்ன வன்மம்?

மறுநாள் அவளுக்கு விடுமுறை. நான் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவள், காத்திருப்போர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்க்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து, அடிக்கடி புகாரோடு வரும் ஒரு அம்மா வந்தார்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். யூனிபார்மோடு நேராக டிப்போவிலிருந்து வருவார். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை, தினமும் படுக்கை விரிப்பு துவைக்க வேண்டும். எங்கள் கடையில் வாங்கிய வாஷிங் மெஷினில் மோட்டார் போய்விட்டது. கையால் துவைத்துத் துவைத்து அவர் விரல்களில் தோல் உரிந்திருந்தது. அந்த விரல்களைக் கவுண்ட்டர் மேல் வைத்துக்கொண்டுதான் பேசுவார். நான் அவர் முகத்தை மட்டும் பார்ப்பேன்.

"மோட்டார் ரெண்டு நாள்ல வந்துடும்மா" என்றேன். "மெக்கானிக் வீட்டுக்கே வருவார்."

"போன தடவையும் ரெண்டு நாள்னுதானே சொன்னீங்க? ஷிப்ட விட்டுட்டு வீட்லயே உக்காந்திருந்தேன். யாரும் வரல."

"இந்தத் தடவை கண்டிப்பாம்மா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடுத்து வந்தவருக்கு ஃப்ரிட்ஜ். அவருக்கும் இரண்டு நாள். அதற்கடுத்தவருக்கு அடுப்பு. அவருக்கும் அதே. சாப்பாட்டு நேரம் வந்ததும் நாத்தனார் எழுந்து வந்து குனிந்து சொன்னாள்.

"அண்ணி, உங்க கை."

"என் கைக்கு என்ன?"

"வலது கை. வணக்கம் சொல்றப்ப மேசை மேல இருக்கு. டோக்கன் கொடுக்கிறப்ப மேசை மேல இருக்கு. ரெண்டு நாள்ல வந்துடும்னு வாயத் தொறந்தா நேரா தலைக்குப் போகுது. முடிய ஒதுக்கறீங்க, காதுக்குப் பின்னாடி செருகறீங்க, திரும்ப எடுத்து விடறீங்க. காலையிலேருந்து இதே வேலை. பிசுக்கு எங்கேருந்து வருதுன்னு பார்த்தா, நீங்களே கையால அரைச்சுப் பூசறீங்க."

"உளறாதே."

"தினம் ரெண்டு வேளை பல் விளக்கறேன்னு எங்ககிட்ட சொல்றவங்க எத்தனை பேர் தெரியுமா? ஒருத்தர் காதச் சொறிவார், ஒருத்தர் செருப்பப் பார்ப்பார். உங்களுக்குத் தலை."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மோட்டார் இரண்டு நாளில் வராது என்று எனக்குத் தெரியும். இன்னும் ஆர்டரே போடவில்லை. புகார்கள் நிறையச் சேரட்டும், மொத்தமாகப் போடலாம் என்பது மேனேஜரின் கணக்கு. 'தெரியாது' என்ற சொல்லைக் கவுண்ட்டரில் சொல்லக் கூடாது, 'இரண்டு நாள்' என்று சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்ததும் அவர்தான். நான் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்க்குப் பதிலாகக் கை கூசியிருக்கிறது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர் புதுச் சட்டையைப் போட்டுக் காட்டினார். "எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். என் கை தலையில் இருந்தது.

"அப்ப நான் போடற காபி?" என்றார் அவர், பாவம், உஷாராகி. நான் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன்.

கையை அடக்குவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பேனாவைப் பிடிக்கச் சொன்னேன். பேனாவோடு போய்த் தலையில் கோடு போட்டது. தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன்; மரத்துப்போனதே தவிர, 'இரண்டு நாள்' என்றதும் எப்படியோ உருவிக்கொண்டு மேலே போனது. முடியை இழுத்துக் கொண்டை போட்டேன், கொண்டையைத் தடவியது. என் உடம்பில் என் பேச்சைக் கேட்காத உறுப்பு நாக்கு ஒன்றுதான் என்று என் கணவர் சொல்வார். இப்போது இரண்டாகிவிட்டது.

ஒரு வழிதான் பாக்கி இருந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பது.

முதலில் மாட்டியவர் ஃப்ரிட்ஜ்காரர். "சார், பார்ட் வரல. எப்ப வரும்னு எனக்குத் தெரியல. வந்தா நானே போன் பண்றேன். அதுவரைக்கும் அலையாதீங்க" என்றேன். கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். ஆனால் கை மேசையிலேயே கிடந்தது, யாருடைய கையோ போல. அவர் கத்தி முடித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு முன் தினமும் வந்துகொண்டிருந்தவர்.

இப்படியே ஒவ்வொருவராக. திட்டு வாங்கினேன், நிறையவே வாங்கினேன். ஒரு பெண்மணி மட்டும், "இத முன்னாடியே சொல்லியிருந்தா அக்கா வீட்டு அடுப்பக் கேட்டு வாங்கியிருப்பேனே" என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த வாரம் முழுக்க மாலை வரை என் முடி காய்ந்து, லேசாக, காற்றில் பறந்தது. கண்ணாடிச் சுவரில் என்னை நானே பார்த்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

வியாழக்கிழமை பஸ் ஓட்டும் அம்மா வந்தார். இவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"மோட்டாருக்கு இன்னும் ஆர்டரே போடலம்மா. ரெண்டு நாள்னு நான் சொன்னது பொய்."

"அப்ப அன்னிக்கு நான் வண்டி எடுத்திருக்கலாம்" என்றார். பிறகு, "எத்தனை நாள் எடுத்திருக்கலாம்" என்றார்.

இந்தத் தடவை அவர் விரல்களைப் பார்த்தேன். பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "நாளைக்கு மதியம் வாங்கம்மா. ஹெட் ஆபீஸ்லேருந்து மேடம் வராங்க. என்கிட்ட கேட்டத அவங்ககிட்ட கேளுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

வெள்ளிக்கிழமை. மேடம் உயரமாக இருந்தார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். மேனேஜர் பின்னாலேயே நடந்து வந்து, "இதுதான் எங்க கவுண்ட்டர், கடையோட முகம்" என்றார். என் தலையைப் பார்த்தவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மேடம் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். என் நாற்காலி என்னுடையதுதான் என்று அந்த நிமிடம் உறுதியாகத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

பஸ் ஓட்டும் அம்மா உள்ளே வந்தார். மேடத்தின் முன் நின்று, "என் வாஷிங் மெஷின் எப்ப சரியாகும்?" என்றார்.

மேனேஜர் முந்திக்கொண்டார். "ரெண்டு நாள்ல ஆயிடும்மா. பாருங்க, இவங்களே சொல்வாங்க" என்று என்னைக் காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை. வாய் அதற்குத் தயாராகவே இருந்தது. என் வலது கை மேசையை விட்டு மெதுவாக எழுந்தது. தோள் வரை வந்துவிட்டது. அதைப் பார்த்தேன். பின்னறை கண்முன் வந்தது, அந்த அட்டைப்பெட்டி வாசனைகூட வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. கையை இறக்கி மேசைமேல் வைத்தேன்.

"இல்ல சார். மோட்டாருக்கு ஆர்டரே போடல. எப்ப சரியாகும்னு எனக்குத் தெரியாது."

மேடம் மேனேஜரிடம் திரும்பினார். "அப்படியா?"

"போன வாரமே போட்டாச்சு மேடம். இவங்களுக்குத் தெரியாது" என்றார் மேனேஜர். சொல்லும்போதே அவர் வலது கை மேலே போய், முடியில்லாத முன் மண்டையை முன்னும் பின்னும் தேய்த்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் இத்தனை நாள் இப்படித்தான் தெரிந்திருப்பேன் என்று தோன்றியது. மேடம் அவரோடு உள்ளே போய் வெகுநேரம் பேசினார். வெளியே வந்ததும், காட்சிக்கு வைத்திருந்த மெஷின்களில் ஒன்றைப் புது மோட்டார் வரும்வரை அந்த அம்மா வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அந்த அம்மா எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. வண்டியில் மெஷினை ஏற்றும்வரை கூடவே நின்றார், கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். அவர் நம்பிக்கை அந்த நிலையில் இருந்தது. அதற்கு நானும் ஒரு காரணம்தானே?

மேடம் போனபின் மேனேஜர் என் முன்னால் வந்து நின்றார்.

"திங்கட்கிழமையிலேருந்து நீங்க பின்னறையில உக்காருங்க. கொஞ்ச நாளைக்குத்தான். தலை விஷயம்... முன்னாடியே சொன்னேனே, கவுண்ட்டர்ல தோற்றம் முக்கியம்." கை மண்டையில்தான் இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. "என் தலை சுத்தமா இருக்கு சார். காரணம் வேற. அதைக் கையக் கீழ இறக்கிட்டுச் சொல்லுங்க, போயிடறேன்."

அவருக்குப் புரியவில்லை. பிறகு தன் கையைக் கவனித்தார். சூடு பட்டது போல் கீழே இறக்கினார். வாயைத் திறந்தார். கை மறுபடி எழுந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றார்கள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை விளக்கடியில் நிறுத்தவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"திங்கட்கிழமை எங்க உக்காருவீங்க அண்ணி?"

"என் நாற்காலியில."

"விடுவாங்களா?"

"தெரியலடி."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். அது மடியிலேயே இருந்தது.