அத்தாயியின் வலது கண்

அறிவுச்செல்வி மறுபடியும் சிவபிரகாஷிடம் வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் ஜலகண்டாபுரத்தில் அவளுக்கு வேண்டியவர்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பின்னே என்ன? தன்னைப் பெற்ற தாயை வரைந்த படத்தையே திருடியவன் கூப்பிட்டால், பிரஷைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களா? தங்கை தேவிப்ரியா நேராகவே கேட்டாள்.

"ஏனக்கா, உனக்குச் சூடு சொரணையே கெடையாதா?"

"இருக்குது. அதனாலதான் போறேன்," என்றாள் அறிவுச்செல்வி.

அவளும் சிவபிரகாஷும் ஒரே ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவள் சுவர்களைத் தேடிப் போனாள். அங்கன்வாடிச் சுவரில் யானை, பள்ளிக்கூடச் சுவரில் சூரியக் குடும்பம், பாலத்துத் தூண்களில் தெருக்கூத்து முகங்கள். வெயிலில் எந்த நிறம் வெளுக்கும், எந்தப் பூச்சு மழைக்கு உப்பும் என்பதையெல்லாம் அந்தச் சுவர்களிடமே கற்றுக்கொண்டாள். அவனோ டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில், ஏசி போட்ட ஸ்டுடியோ திறந்தான். வாய் இருந்தது, பிழைத்துக்கொண்டான். மரம், மலை, மாளிகை எல்லாம் அவன் கைக்கு நன்றாகவே வரும், இல்லையென்று சொன்னால் பாவம். ஆனால் முகம் வராது. அதிலும் கண் சுத்தமாக வராது. எவ்வளவு பாடுபட்டாலும் திருவிழாக் கடைப் பொம்மையின் கண்ணாகத்தான் முடியும். அதனால் ஸ்டுடியோவுக்கு வந்த படங்களின் முகங்களை எல்லாம் அறிவுச்செல்வி வரைந்தாள், அவன் கையெழுத்துப் போட்டான். அதுவரைக்கும் அவளுக்கும் புகார் இல்லை. அது சம்பளத்துக்குச் செய்த வேலை.

அம்மா பாவாயியின் படம் அப்படியல்ல. ராட்டை முன்னால் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிற பாவாயி. வேலை முடிந்த பிறகு மிச்ச நேரத்தில், ஸ்டுடியோவிலேயே, தனக்காக, பெரிய கேன்வாஸில் அவள் வரைந்த படம். சுவரில் கற்றதையெல்லாம் அந்தத் துணியில் இறக்கி வைத்திருந்தாள். பாவாயி செத்துப்போனது அந்தப் படத்தின் ஈரம் காயாத சமயத்தில். காரியமெல்லாம் முடித்துவிட்டு ஸ்டுடியோவுக்குத் திரும்பினால் படம் இருந்த இடம் காலி. சென்னையில் ஒரு கண்காட்சியில் சிவபிரகாஷ் பெயரில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பரிசு கிடைத்தது. பத்திரிகையில் படத்தோடு பேட்டியும் வந்தது. 'எங்கள் பக்கத்தில் பார்த்த யாரோ ஒரு கிழவி. அந்தக் கண்களைப் பிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது' என்று சொல்லியிருந்தான்.

யாரோ ஒரு கிழவி! அந்தக் கிழவி கையால் எத்தனை முறை சோறு வாங்கித் தின்றிருப்பான்!

கேட்டதற்கு, "ஸ்டுடியோவுல வரைஞ்சா ஸ்டுடியோ படம் செல்வி. கேன்வாஸ் என்னுது, கலர் என்னுது. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாத," என்றான். அவள் அழவில்லை. அன்றைக்கே வெளியே வந்தாள். அந்தக் 'கண்களைப் பிடிக்க' என்ற சொல் மட்டும் முள் மாதிரி உள்ளே தங்கிவிட்டது. என்றாவது ஒரு நாள் ஊர் பார்க்க அவனை ஒரு கண் வரைய வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அம்மாவின் படத்தை யார் வரைந்தார்கள் என்று அப்போது தானாகவே தெரியும்.

அந்த நாள் மாரியப்பன் ரூபத்தில் வந்தது. போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருந்த மாரியப்பன், சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலை அடிவாரம் போகிற ரோட்டில் தன் அம்மா அத்தாயி பெயரில் ஒரு மண்டபம் கட்டியிருந்தார். ரோட்டைப் பார்த்த சுவர் முழுவதும் அத்தாயி படம் வேண்டும். பத்திரிகையில் தார் சுற்றும் அம்மாளைப் பார்த்துவிட்டு, இந்தக் கைதான் வேண்டும் என்று ஃபேர்லேண்ட்ஸுக்கே போய்விட்டார். அவரை அனுப்பிய கையோடு சிவபிரகாஷ் அறிவுச்செல்விக்குப் போன் அடித்தான்.

"பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத செல்வி. மொகத்துக்கு உன்ன உட்டா ஆளில்ல."

"சரி, வாரேன்," என்றாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? கர்வம் இருக்கிறவனுக்குச் சந்தேகம் எங்கே வரும்?

முதல் நாளே மாரியப்பன் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். "சாருங்க, எங்கம்மா எங்களுக்குச் சாமி. அதனால சாமிக்குச் செய்யற மொறைதான். கண்ண மட்டும் உட்டுருங்க. தெறப்பு அன்னிக்கு நல்ல நேரத்துல, கண்ணாடி காட்டி, தேங்கா ஒடச்சு, சனம் பாக்க நீங்க உங்க கையால தொறக்கணும். மொதல்ல வலது கண்ணு. தொறந்த கண்ணத் தொடைக்கக் கூடாதுங்க, அது குடும்பத்துக்கு ஆகாது."

"அதுக்கென்னங்க, ஜமாய்ச்சரலாம்," என்றான் சிவபிரகாஷ். திரும்பி வரும்போது காரில் அவளிடம் ஒரு தந்திரம் சொன்னான். திறப்பு நாள் விடிந்ததும் அவள் சாரம் ஏறிக் கண்களை வரைந்துவிட வேண்டும். முகத்துக்கு முன்னால் திரை கட்டியிருக்கும், யாருக்கும் தெரியாது. நல்ல நேரம் வந்ததும் அவன் திரைக்குள் ஏறி, காய்ந்த பிரஷால் தடவுவது போல் பாவனை செய்வான், பிறகுதான் திரை விலகும்.

"நல்ல யோசனை," என்றாள் அறிவுச்செல்வி. உள்ளுக்குள் அவளுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. குழியை அவனே வெட்டி, அவனே அளவும் பார்த்துவிட்டான்.

வேலை தொடங்கியது. சுவரைக் கழுவிப் பிரைமர் அடித்து, நூலில் சுண்ணப்பொடி தடவித் தட்டிக் கட்டம் போட்டாள். கட்டத்துக்குக் கட்டம் அத்தாயி எழுந்து வந்தாள். சேலை மடிப்பு, மண்வெட்டி பிடித்த விரல்கள், வெற்றிலைச் சிவப்பு ஏறிய உதடு. மாரியப்பன் தினமும் வந்து கீழே நின்றுகொண்டு, "நெத்தியில ஒரு வடு இருக்குமுங்க, கெணத்து மேட்டுல உழுந்தது," என்பார். வடு வந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போவார். சிவபிரகாஷும் வருவான். கூலிங் கிளாஸோடு சாரத்தில் ஏறி, பிரஷைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குவான். மாரியப்பன் கேட்டால், "நான் வரைஞ்சு குடுத்ததத்தான் இந்தப் பொண்ணு சுவத்துல ஏத்துது," என்பான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. முகம் வளர வளர, அது தான் இதுவரை வரைந்ததிலேயே நல்ல முகம் என்று அறிவுச்செல்விக்குத் தெரிந்துபோயிற்று. பாவாயி படத்தையும் தாண்டிவிட்டது. இதை அவன் கையில் கொடுத்துப் பாழாக்க வேண்டுமா என்று கை தயங்கத்தான் செய்தது. பேட்டியை நினைத்துக்கொள்வாள். தயக்கம் போய்விடும்.

திறப்பு நாள் விடிந்ததும் திரைக்குப் பின்னால் ஏறினாள். கண்ணிருக்க வேண்டிய இரண்டு இடங்களும் வெள்ளையாக இருந்தன. தட்டில் கறுப்பு, பழுப்பு, வெள்ளை மூன்றையும் பதமாகக் குழைத்து, நல்ல பிரஷ்களாகப் பார்த்து நனைத்துச் சாரத்தின் மேலேயே வைத்தாள். பெயிண்ட் இல்லை, பிரஷ் இல்லை என்று அவன் தப்பிக்கக் கூடாது. ஒரு கோடுகூடப் போடாமல் இறங்கினாள்.

"முடிஞ்சுதா?" என்றான், பட்டு வேட்டியில்.

"நீ ஏற வேண்டியதுதான் பாக்கி."

மேளம் முழங்கியது. ரோடு வரைக்கும் சனம். சிவபிரகாஷ் கும்பிட்டுக்கொண்டே சாரம் ஏறினான். அவன் திரைக்குள் நுழைவதற்குள், சனம் பார்க்கத் திறக்கட்டும் என்று மாரியப்பன் கண்ணாடியை உயர்த்திப் பிடிக்க, பையன்கள் கயிற்றை இழுக்க, திரை விலகியது. இரண்டு வெள்ளைக் குழிகளுக்கு முன்னால் அவன் காய்ந்த பிரஷோடு நின்றான். மெதுவாகத் திரும்பிக் கீழே பார்த்தான். பெண்கள் கூட்டத்தில் அறிவுச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சிரிக்கக்கூட இல்லை.

"தொறங்க சாமி, நேரம் போவுது!" என்று மாரியப்பன் கத்தினார்.

இறங்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. பிரஷைத் தட்டில் தோய்த்தான். வட்டம் போட்டான், பெரிதாகிவிட்டது. சரிக்கட்ட இமையை இழுத்தான், அது வளைந்துகொண்டு போயிற்று. கருவிழி மூக்கைப் பார்த்து நின்றது. மேளம் ஒவ்வொன்றாக அடங்கியது. மாரியப்பனின் சின்னம்மா ராமாத்தாளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"இதென்றா மாரி, எங்கக்கா எப்படா இப்படிப் பாத்தா?"

சிவபிரகாஷ் பதறித் துணியை எடுத்தான். "தொடைக்காத! தொடைக்காத!" என்று பெண்கள் எல்லோரும் ஒரே கூச்சலாகக் கத்தினார்கள். துணி கையிலேயே நின்றது. தடுமாறிக்கொண்டு இறங்கி வந்து, அறிவுச்செல்வியின் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"பழி வாங்கிட்ட. போதும். அடுத்த கண்ணையாச்சும் நீ போடு. இதுக்குப் பொருந்தற மாதிரி போட்டுரு, தூரத்துல இருந்து பாத்தா தெரியாது. காலுல உழுறேன்."

அவள் சாரத்தில் ஏறினாள். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள், மாரியப்பன் தடுக்கவில்லை.

மேலே போய் நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் சொன்னது நிஜம். இடது கண்ணையும் கொஞ்சம் கோணலாகப் போட்டால் முகம் ஒரு மாதிரி சமாதானமாகிவிடும். இது இந்த ஊரில் இப்படித்தான் என்று பஸ்ஸில் போகிறவன் போய்விடுவான். மாரியப்பனுக்கும் அம்மா ஓரளவு மிஞ்சுவாள். சரியாகப் போட்டாலோ, கெட்டது கெட்டதாகவே என்றைக்கும் தெரியும். அத்தாயி அவளுக்கு ஒரு தீங்கும் செய்தவள் அல்ல.

'ஆத்தா, உன் கண்ணு ஒண்ண எடுத்துக்கிட்டேன். பொறுத்துக்க,' என்று சொல்லிக்கொண்டாள். பிறகு பிரஷை எடுத்துத் தன் வாழ்நாளிலேயே ஆகச் சிறந்த ஒரு கண்ணை வரைந்தாள். கடைசியாக விழியில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்து, கையை எடுத்தாள்.

ராமாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாரியப்பன் கண்ணாடியைத் தூக்கியபடியே வெகுநேரம் பார்த்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"இந்தக் கண்ணு எங்கம்மா," என்றார். "அந்தக் கண்ணு யாருதுங்க?"

அவர் சிவபிரகாஷ் பக்கம் திரும்பினார்.

"சாருங்க, நான் படிக்காதவன் இல்ல, பேப்பர் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன். அந்தத் தார் சுத்தற அம்மா படத்துல இருந்த கண்ணு, இதுல எந்தக் கையி போட்டது?"

சனம் முழுவதும் வலது கண்ணைப் பார்த்தது, இடது கண்ணைப் பார்த்தது, பட்டு வேட்டியைப் பார்த்தது. சாரத்தின் மேலிருந்து அறிவுச்செல்விதான் சொன்னாள்.

"அவங்க யாரோ ஒரு கெழவி இல்லீங்க. எங்கம்மா. பேரு பாவாயி."

அந்தச் சுவரை இன்றைக்கும் யாரும் துடைக்கவில்லை, துடைக்க விடவும் மாட்டார்கள். கொல்லிமலை பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, இது யார் வரைந்தது என்று கேட்கிறார்கள். எந்தக் கண்ணைக் கேக்கறீங்க என்கிறார் கண்டக்டர்.